சர்க்கரையைத் திருப்பி ஏற்றாத கிரேன்

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு வயது இருபத்துமூன்று. வேலை, அடுத்தவர்களின் சிறுநீரைக் காய்ச்சுவது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் சன்னலோர மேசை என்னுடையது. ரத்தம், சளி என்று கௌரவமான சங்கதிகளெல்லாம் மற்ற மேசைகளுக்குப் போய்விடும். மிச்சம் என்னிடம் வரும். என் அம்மா இதை வெளியில் மூச்சுவிட மாட்டார். "யாராச்சும் கேட்டா ஆஸ்பத்திரியில வேலைன்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல வாயைத் திறந்த, உனக்கு மாப்பிள்ளை கிடைச்ச மாதிரிதான்" என்பார்.

எனக்கோ அந்த மேசைமீது ஒரு கர்வம் இருந்தது. டெஸ்ட் டியூபில் கொஞ்சம் நீல மருந்து, அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம் இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய்ச் செங்கல் நிறத்தில் நின்றால், ஆசாமி அன்றோடு கோப்பிக்குச் சீனி போடுவதை மறந்துவிட வேண்டியதுதான். நான் எழுதி அனுப்பிய முடிவு தப்பு என்று அதுவரை ஒருத்தரும் வந்து நின்றதில்லை. அதை நானே அடிக்கடி நாலு பேரிடம் சொல்லிக்கொள்வேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்படிச் சொல்லித் திரிந்த ஒரு புதன்கிழமை காலையில்தான் அவர் வந்தார். ஆறடி உயரம், அதற்குத் தோதான குரல். வெயிலில் காய்ந்து கறுத்த கை ஒன்று என் கவுண்டரில் ஒரு காகிதத்தை அறைந்து வைத்தது.

"இங்க யாரு மிஸ்ஸி, என் மூத்திரத்துல சக்கரை போட்டது?"

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண்கள் எல்லோரும் எங்கள் ஊரில் மிஸ்ஸிதான். மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"போட்டது நான் இல்ல அண்ணே. கொண்டாந்தது நீங்க."

தமிழ் பேசும் ஆண்கள் யார் வந்தாலும் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அவர் அண்ணனுக்குரிய பொறுமை எதையும் காட்டவில்லை. "எனக்குச் சக்கரையும் இல்ல, உப்பும் இல்ல. ஒரு மூட்டையை ஒத்த ஆளா தூக்குவேன். இந்தக் கடுதாசியால என் வேலையே போகுது, தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

தெரியாது. அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. எட்டு வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அதற்கு நடுவில் கெஞ்சிக் கூத்தாடி, விடுமுறை நாட்களில் எல்லாம் கிரேன்காரர்களின் பக்கத்தில் தொங்கிக்கொண்டு நின்று, கிரேன் ஓட்டக் கற்றிருக்கிறார். பரீட்சை வைத்தார்கள், தேறிவிட்டார். கிரேன் வேலைக்குப் பாக்கி இருந்தது உடல் பரிசோதனை ஒன்றுதான். சர்க்கரை நோய் உள்ளவர்களை மேலே ஏற்ற மாட்டார்கள். அத்தனை உயரத்தில் உட்கார்ந்திருக்கும்போது தலை சுற்றினால் சரக்கு கீழே நிற்பவர்கள் தலையில் இறங்கிவிடும். நியாயமான விதிதான். அந்த விதிக்கும் அவருக்கும் நடுவில், செங்கல் நிறத்தில், என் டெஸ்ட் டியூப் நின்றது.

அவரது பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் சிறுநீர் எதில் வரும் என்று சொல்ல முடியாது. தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் பாட்டிலில் வரும், சோயா சாஸ் பாட்டிலில் வரும், ஒரு தடவை மூடி போட்ட பீங்கான் கோப்பையில், தட்டோடு வந்திருக்கிறது. இவருடையதைத் திருப்பினேன். அடியில் பாதி கிழிந்த லேபிளில் ஒரு ரோஜாப்பூ.

"இது என்ன போத்தல் அண்ணே?"

"ரோஸ் சிரப் போத்தல். ஏன்?"

"கழுவினீங்களா?"

"அலசினேன் லா. தண்ணி முறை வச்சு விடுற நேரத்துல, ரெண்டு தடவை அலசினதே பெருசு."

அந்த வருஷம் மழை பொய்த்து, குழாயில் தண்ணீரை நேரம் பார்த்துத்தான் விட்டார்கள். வீட்டுக்கு வீடு வாளிகள் வரிசை கட்டி நின்றன. அவர் பேரில் தப்பு சொல்ல முடியாது என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுச் சுத்தமான பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்துக் கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினேன். பத்து நிமிடத்தில் வெற்றி வீரர் மாதிரித் திரும்பி வந்தார். நானும் சிரித்துக்கொண்டேதான் காய்ச்சினேன். இருவரும் டியூபையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

நீலம் பச்சையாயிற்று. பச்சை மஞ்சளாயிற்று. மஞ்சள் ஆரஞ்சாகி, அங்கே நின்றது.

அவருக்கு நிறத்தின் கணக்கு தெரியாது, ஆனால் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். கவுண்டர்மேல் இருந்த கை மெதுவாக இறங்கியது. "இதுல சிரப் இல்லையே மிஸ்ஸி" என்றார். அவ்வளவு பெரிய குரல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. யாரோ ஒரு கத்தல்காரருக்காக நான் ஏன் அழ வேண்டும் என்று என்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

எங்கள் பிரிவு டாக்டர் சீனர், இளைஞர், லண்டனில் படித்துவிட்டு வந்து ஆறு மாதமாகியிருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, ரத்தத்தைப் பார்க்காமல் ஒன்றும் சொல்லக்கூடாது என்றார். ஒருநாள் காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும். முதலில் ஒரு துளி ரத்தம் எடுப்போம். பிறகு குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் கொடுத்து, அரை மணிக்கு ஒரு தரம் ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்ப்போம். என்றைக்கு வரச் சொல்லலாம் என்று டாக்டர் கேட்டார். நான் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, வெள்ளிக்கிழமை என்றேன். மற்ற நாட்களும் காலியாகத்தான் இருந்தன. வெள்ளி நல்ல நாளாயிற்றே என்று நானாகப் போட்டது அது. பிறகு நடந்த கூத்துக்கு முதல் காரணம் நான்தான்.

வெள்ளி காலை எட்டு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, நடுவில் குங்குமம். "மக்கான் ஒன்னும் சாப்பிடல மிஸ்ஸி. ராத்திரி எட்டு மணிக்கு மேல பச்சத்தண்ணி மட்டும்தான்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். ரத்தம் எடுக்க விரலைப் பிடித்தேன், வழுக்கியது. ஸ்பிரிட் போட்டு அழுத்தித் துடைத்துவிட்டுக் குத்தினேன். மத்தியானம்வரை அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் ஊசியும் பாட்டிலுமாக அலைந்தேன்.

முடிவு வந்தபோது டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். வெறும் வயிற்று ரத்தத்திலேயே சர்க்கரை அதிகம். ஆரம்ப நிலை நீரிழிவு, கிரேன் வேண்டாம், எழுதிவிடலாம் என்று பேனாவைத் திறந்தார். பேனா மூடியை அவர் மேசையில் வைத்த சத்தம் கேட்டதும் ஏனோ என் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தடவிப் பார்த்தது. காலையில் வழுக்கியதே, அது என்ன? எண்ணெயா? மூக்கருகே கொண்டுபோனேன். ஸ்பிரிட் வாசனைக்கு அடியில், மெல்லிசாக, நெய்.

"டாக்டர், ஒரே ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன். அவர் அங்கேயே இருந்தார்.

"அண்ணே, காலையில கோயிலுக்குப் போனீங்களா?"

"ஆமா. டெஸ்ட் நல்லபடியா வரணும்னு வேண்டிக்கிட்டு, தேக்காவுல பஸ் ஏறினேன்."

"பிரசாதம் குடுத்தாங்களா?"

"வெள்ளிக்கிழமை லா. குடுப்பாங்கதானே."

"சாப்பிட்டீங்களா?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பிரசாதத்தை யாராச்சும் வேணாம்னு சொல்வாங்களா? அது சாப்பாடு இல்லையே."

"என்ன பிரசாதம்?"

சொல்ல வாயைத் திறந்தவருக்கு, அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்த பிறகுதான் உறைத்தது போலும். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"சக்கரைப் பொங்கல்."

அடக் கடவுளே! தலையில் அடித்துக்கொண்டேன். திட்டலாம் என்றால் வாய் வரவில்லை. ஏனென்றால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கையில் ஐயர் வைத்த பிரசாதத்தை, டாக்டர் வேண்டாம் என்றார் என்று கீழே வைக்க முடியுமா? விரதம் இருக்கிறவர்கூட வாயில் போட்டுக்கொள்வார். வெறும் வயிறு என்றால் இட்லி, கோப்பி, ரொட்டி இல்லாத வயிறு. பிரசாதம் அந்தக் கணக்கிலேயே வராது. இது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். லண்டனில் படித்தவருக்கு எப்படித் தெரியும்?

உள்ளே போய் ஆங்கிலத்தில் விளக்கினேன். காலையில் அவர் கோயிலில் சாமிக்குப் படைத்ததைச் சாப்பிட்டிருக்கிறார், டாக்டர். அது உணவுதானே என்றார் டாக்டர். எங்களுக்கு இல்லை என்றேன். அதில் என்ன இருக்கும் என்று கேட்டார். அரிசி, வெல்லம், நெய், முந்திரி, திராட்சை என்று பட்டியல் போட்டேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது. "உங்கள் கடவுள் காலை உணவை நன்றாகத்தான் சாப்பிடுகிறார்" என்று சொல்லி, திங்கட்கிழமை மறுபடி செய்யச் சொன்னார்.

"திங்கக்கிழமை கோயில் பக்கமே போகக் கூடாது" என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"சாமியைப் பாக்காம எப்படி வர்றது?"

"சாமியைப் பாருங்க, வாயைத் திறக்காதீங்க."

"கையில குடுத்துட்டா?"

நம்பிக்கை வரவில்லை. திங்கள் காலை ஏழு மணிக்கு நானே அந்தக் கோயில் இருக்கிற சிராங்கூன் ரோட்டுக்குப் போய், பூக்கடைப் பக்கம் காவல் நின்றேன். பூக்கட்டுகிற அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டார். ஒரு பேஷண்டுக்காக என்றால் யார் நம்புவார்கள்? அவர் வந்ததும் ரோட்டின் எதிர்ப்புறமாக நடத்திக்கொண்டு போனேன். கோபுரம் தெரிந்ததும், நடந்துகொண்டே, ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொரு கையால் வாயைப் பொத்திக்காட்டினார். சிரித்துத் தொலைத்தேன். பஸ்ஸில் ஏறியதும், "மிஸ்ஸி இன்னைக்கு ஒரு தடவைகூட அண்ணேன்னு கூப்பிடல" என்றார். சன்னலுக்கு வெளியே பார்க்க என்னென்னவோ இருந்தது எனக்கு.

அன்றைய முடிவு எங்கள் எல்லோரையும் குழப்பியது. ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தது. வெறும் வயிற்றில் சரி, குளுக்கோஸ் குடித்த பிறகும் சரி, ஏறவேண்டிய அளவுக்கு ஏறி, இறங்கவேண்டிய நேரத்தில் இறங்கிவிட்டது. ஆனால் என் மேசையில், அன்று எடுத்த ஒவ்வொரு பாட்டிலும், வெறும் வயிற்றில் எடுத்த முதல் பாட்டில் உட்பட, மஞ்சளும் ஆரஞ்சுமாக வரிசை கட்டி நின்றது. ரத்தத்தில் இல்லாத நோய் சிறுநீரில் மட்டும் எப்படி வரும்? டாக்டர் டியூபுகளைப் பார்த்துவிட்டுச் சீழ்க்கையடித்தார். இவருக்கு நீரிழிவு இல்லை, இவரது சிறுநீரகக் குழாய்கள் சர்க்கரையை ஒழுகவிடுகின்றன, பிறவியிலேயே இப்படி இருக்கும், ஒரு கெடுதலும் இல்லை, நீயே படித்துப் பார் என்று அலமாரியிலிருந்த தடிப்புத்தகத்தைக் கண்ணால் காட்டிவிட்டுப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் படித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம் தாங்கவில்லை. இத்தனை நாள் சிறுநீரகத்தை வெறும் வடிகட்டி என்றுதான் நினைத்திருந்தேன், கோப்பிக்கடைத் துணி வடிகட்டி மாதிரி. அது அப்படியில்லை. படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வராந்தா பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். போய் எதிரில் நின்றுகொண்டு ஆரம்பித்தேன்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி ரத்தத்துலேர்ந்து வடிஞ்சு சிறுநீரகக் குழாய்க்குள்ள விழுது தெரியுமா? நாப்பது காலன். பத்து மண்ணெண்ணெய் டின்."

"விளையாடாதீங்க மிஸ்ஸி. பத்து டின் தண்ணி எங்க தெருவுக்கே வர்றதில்ல."

"விழுது. ஆனா வெளியே போறது ரெண்டு பெரிய போத்தல் அளவுதான். மத்ததையெல்லாம் அந்தச் சின்னச் சின்னக் குழாயோட சுவரு உறிஞ்சி ரத்தத்துக்கே திருப்பிக் குடுத்துடுது. தண்ணி, உப்பு, சக்கரை எல்லாம். சக்கரையில ஒரு துளிகூட விடாது. வேண்டாத குப்பைதான் பெரும்பாலும் குழாயில தங்கி வெளியே போகும்."

அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு, விரலால் காற்றில் எதையோ தூக்கி இறக்கிப் பார்த்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார்.

"அப்ப ரத்தம்தான் கப்பல். கப்பல்ல இருக்கிற சின்னச் சரக்கை எல்லாம், நல்லது கெட்டது பாக்காம, மொத்தமா கரையில இறக்கிடறாங்க. அப்புறம் வேணுங்கறதை மட்டும் கிரேன் வச்சுத் திருப்பி ஏத்தறாங்க. குப்பை கரையிலேயே கிடக்கும். சரியா?"

சரிதான். புத்தகத்தில் நாலு பக்கத்துக்கு எழுதியிருந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"எவன்யா இந்த வேலைக்குப் பிளான் போட்டவன்? எங்க ஃபோர்மேன் கேட்டா அடிக்க வருவாரு. குப்பையை மட்டும் இறக்க வேண்டியதுதானே?"

"எது குப்பைன்னு முன்னாலயே பட்டியல் போட முடியாதே. புதுசா எது உள்ள வந்தாலும் தானா இறங்கிடும். தெரிஞ்ச சரக்குக்கு மட்டும் கிரேன் இருக்கு. சக்கரைக்குன்னு தனிக் கிரேன். அந்தக் கிரேன் மணிக்கு இத்தனை மூட்டைதான் தூக்கும், அதுக்கு மேல முடியாது. சக்கரை வியாதிக்காரருக்குக் கிரேன் நல்லாத்தான் இருக்கும். மூட்டை அளவுக்கு மீறி வந்து குவியுது, தூக்கி முடியல, மிச்சம் வெளியே போகுது. உங்களுக்கு மூட்டை சரியாத்தான் வருது. கிரேன்தான் மந்தம்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "பன்னெண்டு டன் தூக்கற கிரேனை ஓட்டுறவன் நான். எனக்குள்ள இருக்கற கிரேன் சோம்பேறியா?"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தும் பயனில்லை. அவரும் சிரித்துவிட்டார். ஆனால் சிரிப்பு முடிந்ததும் சரியான கேள்வியைக் கேட்டார். "இதையெல்லாம் துறைமுக கிளினிக்குல இருக்கறவரு ஒத்துக்குவாரா? அவரு பாக்கறது போத்தலை மட்டும்தானே? சக்கரைக் கிரேனே இப்படின்னா மத்த கிரேனும் இப்படித்தான்னு சொல்ல மாட்டாரா?"

டாக்டரும் அதையேதான் யோசித்திருக்கிறார். மறுநாள் சாயப் பரிசோதனை என்று முடிவாயிற்று. கையில் சிவப்புச் சாயம் கொஞ்சம் ஊசியாகப் போடுவோம். குழாய்ச் சுவர் உறிஞ்சுவது மட்டும் செய்வதில்லை. வடிகட்டியில் விழாமல் ரத்தத்திலேயே தங்கிவிட்ட சில சரக்குகளைத் தேடிப் பிடித்துக் குழாய்க்குள் தள்ளவும் செய்யும். இந்தச் சாயம் அப்படித் தள்ளப்படுகிற சரக்கு. கால் மணி நேரத்தில் எவ்வளவு வெளியே வந்தது என்று பார்த்தால், அந்தப் பக்கத்துக் கிரேன்கள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துவிடும். போன வருஷம் காலில் ஆணி ஏறியபோது தனக்கு ஏன் விட்டுவிட்டு அத்தனை பெனிசிலின் ஊசி போட்டார்கள் என்று அவர் கேட்டார். அதையும் இதே கிரேன்கள்தான் போட்டதும் போட்டதுமாக வெளியே தள்ளிவிடும் என்றேன். "அப்ப இதுங்க சுறுசுறுப்புதான்" என்று கொஞ்சம் சமாதானமானார்.

ஊசி போட்டாயிற்று. இரண்டு டம்ளர் தண்ணீரும் குடித்தாயிற்று. கால் மணியாயிற்று. பாட்டிலோடு கழிப்பறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. சரியான நேரத்தில் எடுக்காவிட்டால் பரிசோதனையே வீண். கதவைத் தட்டினேன்.

"என்ன ஆச்சு?"

"நீங்க வாசல்ல நிக்கறீங்க மிஸ்ஸி. வர மாட்டேங்குது."

"தண்ணிச் சத்தம் கேட்டா வரும். குழாயைத் திறங்க."

"குழாயில காத்துதான் வருது."

தண்ணீர் விடாத நேரம் அது. என்ன செய்வது? தீயணைக்க வைத்திருந்த வாளியை இழுத்துக்கொண்டு வந்து, கதவுக்கு வெளியே நின்று, குவளையால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து வாளிக்குள்ளேயே ஊற்றினேன். வராந்தாவில் போன நர்ஸ் ஒருத்தி நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். ஊற்றிக்கொண்டே, சாமி, இந்த மனுஷனுக்கு இந்த ஒன்றாவது சரியாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் டியூபும் என் கர்வமும் சேர்ந்து எட்டு வருஷ உழைப்பைக் கெடுத்துவிடுமோ என்று ஒரு வாரமாகச் சரியான தூக்கம் கிடையாது எனக்கு. கதவு திறந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் பாட்டிலை நீட்டினார்.

வெளிறிய மஞ்சள். "சாயத்தையே காணோமே" என்றார், பயந்துபோய். பேசாமல் இருங்கள் என்று சைகை காட்டிவிட்டு, காஸ்டிக் சோடாத் தண்ணீர் சில சொட்டு விட்டேன்; அது பட்டால்தான் அந்தச் சாயம் நிறம் காட்டும். பாட்டில் முழுக்க ரோஜா நிறம் பொங்கி, பளீரென்று சிவந்தது.

"ஐயோ, ரத்தமா?"

"இல்ல, சாயம்! சிவக்கச் சிவக்க நல்லது. உங்க கிரேன் கால் மணி நேரத்துல எவ்வளவு இறக்கியிருக்கு பாருங்க!"

சத்தமாகக் கத்திவிட்டேன் போலிருக்கிறது. ரத்த மேசைக்காரர்கள் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். நிறத்தை ஒப்பிட வைத்திருக்கும் டியூபுகளோடு வைத்துப் பார்த்த டாக்டர், வர வேண்டியதற்குக் குறைவில்லாமல் வந்திருக்கிறது என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினார். இவருக்கு நீரிழிவு இல்லை. சிறுநீரில் எப்போதும் சர்க்கரை இருக்கும். அதனால் இவரது உடலுக்கோ வேலைக்கோ குந்தகமில்லை. கடிதத்தை மடித்து உறையில் போடுகிற வேலை எனக்கு. அவ்வளவு கவனமாக நான் எதையும் மடித்ததில்லை.

அடுத்த ஒரு வாரம் ஒரு தகவலும் இல்லை. வீட்டில் அம்மா தினமும் சாயங்காலம், "உன் சக்கரை என்ன ஆச்சு?" என்று கேட்பார். "எனக்கென்ன தெரியும்?" என்று எரிந்து விழுவேன். நான் அவரைப் பற்றி வீட்டில் எவ்வளவு பேசியிருக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எட்டாம் நாள் வேலை முடிந்து வெளியே வந்தால், வாசல் மரத்தடியில் நிற்கிறார். இஸ்திரி போட்ட சட்டை. முகத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை.

"குடுத்துட்டாங்க" என்றார். "நேத்து ஏறினேன். முதல் சரக்கே அரிசி."

சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். அதை நாலு பேர் போகிற வழியில் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"ஆனா ஒரு சிக்கல் மிஸ்ஸி. வருஷா வருஷம் டெஸ்ட் வைப்பாங்களாம். கிளினிக்குல டாக்டர் மாறிக்கிட்டே இருப்பாராம். ஒவ்வொரு தடவையும் போத்தல் ஆரஞ்சாகும். ஒவ்வொரு தடவையும் யாராச்சும் உக்காந்து அவருக்கு இது வியாதி இல்லைன்னு புரிய வைக்கணும். கடுதாசியைக் குடுத்தா படிக்க மாட்டாங்க. எனக்கு இங்கிலீஷ்ல அவ்வளவு சொல்ல வராது." அந்தப் பெரிய குரல் மறுபடி காணாமல் போயிருந்தது. "கூட வந்து சொல்ல ஒரு ஆள் வேணும்."

"எத்தனை வருஷத்துக்கு?"

"கிரேனை விட்டு இறங்கற வரைக்கும்." தரையைப் பார்த்தார். "அதுக்கப்புறமும்தான்."

பஸ் ஒன்று வந்து நின்று போயிற்று. அது நான் ஏற வேண்டிய பஸ். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றேன்.

அடுத்த வருஷம் துறைமுக கிளினிக்கில் அவர் சொன்ன மாதிரியே புது டாக்டர். அவர் மேசையில் ஆரஞ்சு நிற டியூப், பேனா திறந்து தயாராக இருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பத்து மண்ணெண்ணெய் டின்னில் தொடங்கி, கிரேன், மூட்டை, சாயம் என்று கால் மணி நேரம் விடாமல் சொன்னேன். பக்கத்தில் அவர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். டாக்டர் கடைசிவரை கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறீர்களே, பரிசோதனைக்கூடத்திலிருந்து அனுப்பினார்களா என்று என்னைக் கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்றேன். "வீட்டிலிருந்து வர்றேன்."